விறகு பாய்லருக்கு வால்வு எடுப்பது எப்படி: கரண்ட் போன பிறகும் தண்ணீர் ஓட வேண்டும்

தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் குட் ஃப்ரைடே பூமிதி முடிந்தால் குளிர் கிட்டே வந்துவிட்டது என்று அர்த்தம். நாங்கள் இருப்பது இன்னும் மேலே, மூய் ரிவர் பக்கம். ஜூன், ஜூலை காலைகளில் புல் முழுக்க உறைபனி. வாட்டில் விறகு (ஊட்டிப் பக்கம் சீகை என்பார்களே, அதே மரம்தான்) இங்கே தாராளமாகக் கிடைப்பதால், 20 கிலோவாட் விறகு பாய்லர் ஒன்று வைத்து, அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கு வெந்நீர் ஓட்டுகிறோம். பைப் வேலையைப் பற்றி இதில் சொல்லப்போவதில்லை, அது தெரிந்தவர்கள்தான் இதற்குள் இறங்குவீர்கள். வால்வு மட்டும் பார்ப்போம்.

முதலில் எவ்வளவு தண்ணீர் ஓட வேண்டும் என்று தெரிய வேண்டும். பாய்லரின் கிலோவாட்டை 0.86ஆல் பெருக்கி, போகும் தண்ணீருக்கும் திரும்பி வரும் தண்ணீருக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தால் வகுத்தால், மணிக்கு எத்தனை கன மீட்டர் என்பது கிடைக்கும். எனக்கு 20 கிலோவாட், 15 டிகிரி வித்தியாசம், ஆக மணிக்கு 1.15 கன மீட்டர். இதற்கு 28 மி.மீ. காப்பர் பைப் தாராளம். 22லும் ஓடும், ஆனால் நொடிக்கு 1 மீட்டர் வேகம் வந்துவிடும்.

அடுத்தது கேவி (Kv) எண். வால்வுக்கு இரு பக்கமும் 1 பார் அழுத்த வித்தியாசம் இருந்தால் மணிக்கு எத்தனை கன மீட்டர் தண்ணீர் அதில் போகும் என்பதுதான் அது. வால்வின் உடம்பிலோ தாளிலோ போட்டிருப்பார்கள். உங்கள் ஓட்டத்தை அந்த எண்ணால் வகுத்து, வரும் விடையை அந்த விடையாலேயே பெருக்கினால், வால்வு எவ்வளவு பார் அழுத்தத்தைத் தின்கிறது என்று தெரியும். பைப் அளவைப் பார்த்து மட்டும் வால்வு வாங்காதீர்கள். ஒரே அளவு வாய் உள்ள இரண்டு வால்வுகளுக்குக் கேவி மூன்று மடங்கு கூட வித்தியாசப்படலாம்.

மூடித் திறக்கும் இடங்களுக்கெல்லாம் முழுத் துளை பால் வால்வுதான். கேட் வால்வு வேண்டவே வேண்டாம், இரண்டு குளிர்காலம் தொடாமல் விட்டால் இறுகிப்போகும். சணலும் பேஸ்ட்டும் போட்டு முறுக்குங்கள். டெஃப்லான் டேப்பை விட அதைத்தான் நான் நம்புகிறேன், ஏனென்றால் முறுக்கிய பிறகு கால் சுற்று பின்னால் திருப்பினாலும் ஒழுகாது.

திரும்பி வரும் தண்ணீர் 55, 60 டிகிரிக்குக் கீழே பாய்லருக்குள் போனால் உள்ளே வியர்த்துத் தார் படியும், தகடு அரிக்கும். அதனால் ரிட்டர்ன் லைனில் மூன்று வாய் உள்ள தெர்மோஸ்டாடிக் வால்வு (தண்ணீரின் சூட்டைப் பார்த்துத் தானே திறந்து மூடுவது) ஒன்று வேண்டும், பாய்லருக்கென்றே செய்தது. குளியலறைக்கு விற்கும் மிக்சிங் வால்வைக் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள், வாங்கிவிடாதீர்கள். அதன் கேவி பெரும்பாலும் 1.6க்குப் பக்கம்தான் இருக்கும். என் ஓட்டத்துக்கு அது 0.5 பாருக்கு மேல் தின்றுவிடும், 6 மீட்டர் உயரத்துக்குத் தள்ளும் பம்பின் சக்தி முழுக்க அங்கேயே தீர்ந்துபோகும். கேவி 4 என்றால் 0.08 பார்தான். அது போதும்.

சரி, இனிமேல்தான் நான் மாட்டிக்கொண்ட இடம். இதை நிதானமாகப் படியுங்கள்.

லோட்ஷெடிங் (முறை வைத்துக் கரண்ட் வெட்டுவது) வந்தால் பம்பு நிற்கும், ஆனால் உள்ளே விறகு எரிந்துகொண்டே இருக்கும். காற்றுக் கதவை மூடினாலும் பாய்லர் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2 கிலோவாட் சூட்டை எங்காவது இறக்கியாக வேண்டும் என்று கணக்கு வைத்தேன். அதற்காக மாடியில் ஒரு ரேடியேட்டரை ஒதுக்கி, பாய்லரிலிருந்து நேராகத் தனி பைப் போட்டு, அதன் ரிட்டர்னைப் பம்புக்கும் மூன்று வாய் வால்வுக்கும் அப்பால், பாய்லர் வாயருகே ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடுவது) வழியாகச் சேர்த்தேன். பம்பு ஓடும்போது அதன் அழுத்தமே அந்த வால்வை மூடி வைத்திருக்கும். பம்பு நின்றால் சூடான தண்ணீர் தானாக மேலே ஏறி, குளிர்ந்து இந்த வழியாக இறங்க வேண்டும்.

2022இல் ஒரு ஞாயிறு மாலை கரண்ட் போனது. தெர்மாமீட்டர் 82, 88, 93 என்று ஏறியது. நான் மாடிக்கு ஓடி ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தேன். பைப் ஒரு சாண் உயரம் வரை கை வைக்க முடியாத சூடு, அதற்கு மேல் பச்சைத் தண்ணீர் மாதிரிச் சில்லென்று இருந்தது. நெருப்பை மண்வெட்டியால் அள்ளி வெளியே கொட்டினேன்.

காரணம், நான் போட்டது ஸ்பிரிங் வைத்த நான்-ரிட்டர்ன். கணக்கைப் பாருங்கள். 80 டிகிரி தண்ணீர் கன மீட்டருக்கு 972 கிலோ, 60 டிகிரியில் 983. இந்த 11 கிலோ வித்தியாசம் 2 மீட்டர் உயரத்துக்குத் தரும் அழுத்தம் சுமார் 0.002 பார், அதாவது இரண்டு விரல் உயரத் தண்ணீரின் அழுத்தம் கூட இல்லை. ஸ்பிரிங் திறக்க அதைப்போலப் பத்து மடங்கு வேண்டும். எங்கே திறக்கும்?

மாற்றிப் போட்டது மடல் வைத்த ஸ்விங் செக் (ஸ்பிரிங் இல்லாத நான்-ரிட்டர்ன் வால்வு), 1 அங்குலம், கிடைமட்டமான பைப்பில், கீல் மேல்பக்கம், அம்புக்குறி பாய்லரைப் பார்த்து. அளவும் கணக்குப் போட்டே எடுத்தேன். 20 டிகிரி வித்தியாசத்தில் 2 கிலோவாட்டுக்கு மணிக்கு 0.086 கன மீட்டர் ஓட வேண்டும். இருப்பது 0.002 பார்தான் என்பதால் அந்தச் சுற்று முழுவதுக்கும் சேர்ந்த கேவி 2க்குக் குறையக் கூடாது. வால்வு மட்டும் 6க்கு மேல் இருந்தால் இருக்கும் அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான் அதற்குப் போகும், மிச்சம் பைப்புக்கு. அந்த வழியில் மூடக்கூடிய வால்வே வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால் கைப்பிடியைக் கழற்றி எடுத்துவிடுங்கள்.

கரண்ட் போனால் தானே திறக்கும் மோட்டார் வால்வும் உண்டு. எனக்கு மடல்தான் பிடிக்கிறது, அதில் கெட்டுப்போக மின்சாரப் பாகம் எதுவும் இல்லை. எதைப் போட்டாலும் சின்ன நெருப்பு வைத்து, பம்பை நீங்களே அணைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஆறு நிமிடத்தில் மாடி பைப் சூடாகிறது. அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் பளபளக்கும் காப்பரில் தப்பாகக் காட்டும், ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் பிடியுங்கள்.

சேஃப்டி வால்வு பற்றி இரண்டு வரி. பாய்லர் தகட்டில் போட்டிருக்கும் அழுத்தம்தான் எல்லை. 3 பார் பாய்லருக்குக் கீசரின் 400 கிலோபாஸ்கல் வால்வு ஆகாது, அது திறப்பதற்குள் எல்லை தாண்டிவிடும். வால்வின் கொள்ளளவு பாய்லரின் முழுக் கிலோவாட்டுக்கும் ஈடாக இருக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் வேறு எந்த வால்வும் வரக் கூடாது. திறந்த தொட்டி வைத்தவர்களும் கவனியுங்கள்: 1,400 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு ஹோவிக்கிலிருந்து ஒரு அண்ணன், எல்லாம் சொன்னபடி போட்டும் மாடி ரேடியேட்டர் சூடாகவில்லை என்று எழுதினார். படம் அனுப்பச் சொன்னேன். நிலைவாசலுக்கு மேலே பைப்பை ஏற்றி, மறுபக்கம் இறக்கி, பிறகு மறுபடி ஏற்றியிருந்தார். அந்த மேட்டில் காற்று நின்றுவிட்டது, இவ்வளவு குறைந்த அழுத்தத்தால் அதைத் தள்ள முடியாது. பைப் பாய்லரிலிருந்து ரேடியேட்டர் வரை ஏறிக்கொண்டே போக வேண்டும், காற்று விடும் திருகு உச்சியில் இருக்க வேண்டும். அந்த மேட்டை வெட்டி நேராக்கினார், அன்று இரவே சூடு வந்துவிட்டதாம்.