சென்னையில் முதல் முழு மராத்தான்: பெயர் பதிவதிலிருந்து பதக்கம் வாங்கும் வரை

சென்னை மராத்தானின் முழுத் தூரத்தை, அதாவது 42.195 கி.மீ.யை, இரண்டு முறை ஓடியிருக்கிறேன். முதல் முறை 34-ஆவது கிலோமீட்டர் பலகைக்குப் பக்கத்தில் இரண்டு கெண்டைக்காலும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன. மீதியை நடந்தே முடித்தேன். இரண்டாவது முறை கடைசிவரை ஓடினேன். இடைப்பட்ட ஒரு வருடத்தில் நான் கூடுதலாகக் கற்றுக்கொண்டது என் வேர்வையைக் கணக்குப் பார்க்கத்தான். அதனால் இந்தப் பதிவில் அந்தப் பகுதி மட்டும் நீளமாக இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

ஓட ஆரம்பிப்பது எப்படி என்று இதில் எழுதவில்லை. அரை மராத்தானை ஒரு முறையாவது நிதானமாக முடித்தவர்களுக்கான பதிவு இது.

படி 1: பதிவு

சென்னை ரன்னர்ஸ் அமைப்பு நடத்தும் இந்த ஓட்டம் ஜனவரித் தொடக்கத்தில் வரும். பதிவு பல மாதங்களுக்கு முன்பே திறந்துவிடும், முதலில் சேருகிறவர்களுக்குக் கட்டணமும் குறைவு. 10 கி.மீ., அரை மராத்தான், 32.186 கி.மீ., முழு மராத்தான் என்று பிரிவுகள். அந்த 32.186 என்பது 20 மைல். அரையை முடித்துவிட்டு முழுசுக்குப் பயப்படுகிறவர்கள் ஒரு வருடம் இதில் ஓடிப் பாருங்கள். எனக்கு இப்போது யோசனை கேட்கிற எல்லாரிடமும் இதைத்தான் சொல்கிறேன்.

படிவத்தில் மூன்று இடங்களில் நிதானம் வேண்டும். பெயரை ஆதாரில் இருக்கிறபடியே எழுதுங்கள், இனிஷியல் முன்னே பின்னே போகக் கூடாது. எவ்வளவு நேரத்தில் முடிப்பீர்கள் என்று கேட்டால் உண்மையான நேரத்தைப் போடுங்கள். வேகமான வரிசையில் நின்றுவிட்டால் முதல் ஐந்து கிலோமீட்டர் அவர்கள் இழுத்த இழுப்புக்கு ஓடவேண்டி வரும். அரை மராத்தான் நேரச் சான்றிதழ் கையில் இருந்தால் அதைப் பார்த்தே எழுதுங்கள்.

மூன்றாவது, அவசரத் தொடர்பு எண். முதல் வருடம் நான் என் தோழியின் எண்ணைக் கொடுத்திருந்தேன். அவளும் அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்தாள், அவள் போன் பொருள் காப்பகத்தில் பைக்குள் கிடந்தது. எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் யாருமே எடுத்திருக்க மாட்டார்கள். அன்று வீட்டில் இருக்கப்போகிறவர் யாரோ அவர் எண்ணைக் கொடுங்கள். ரத்த வகையையும் சரியாக எழுதுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் விதிமுறைகளில் முடிக்க வேண்டிய நேர வரம்பைப் பாருங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டே பதிவு செய்யுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

படி 2: நாள்காட்டியில் மழையைக் குறியுங்கள்

இணையத்தில் கிடைக்கும் 18 வாரப் பயிற்சித் திட்டங்கள் எல்லாமே நல்லவைதான். ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் கடைசியில் ஆரம்பித்தால் ஜனவரிக்குச் சரியாக இருக்கும். ஜூலையில் நடக்கும் ட்ரீம் ரன்னர்ஸ் அரை மராத்தானை ஓடியவர்களுக்கு அடித்தளம் ஏற்கெனவே விழுந்திருக்கும்.

ஆனால் அந்தத் திட்டங்கள் வேறு ஊர்களுக்குப் போட்டவை. அவற்றின்படி மிக நீளமான ஓட்டம், 30 அல்லது 32 கி.மீ., போட்டிக்கு மூன்று வாரம் முன்னால் வரும். நமக்கு அது டிசம்பர் நடு. வடகிழக்குப் பருவமழை எப்போது புயலாகும் என்று யாரால் சொல்ல முடியும்? 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் நகரத்தை மூழ்கடித்தபோது, 2024 ஜனவரி ஓட்டத்துக்கு ஐந்து வாரம்கூட இல்லை. தெருவெல்லாம் இடுப்பளவு தண்ணீர் நின்ற வாரத்தில் ஓட்டத்தைப் பற்றிப் பேசவே மனசு வராது.

அதனால் முதல் 30 கி.மீ. ஓட்டத்தை நவம்பர் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிடுங்கள். டிசம்பர் நடுவில் வருவது இரண்டாவது. அது மழையில் போனாலும் நஷ்டமில்லை. தண்ணீர் தேங்கிய தெருவில் மட்டும் ஓடாதீர்கள். அடியில் வடிகால் மூடி திறந்திருந்தால் தெரியாது. அந்த நாட்களில் எங்கள் அடுக்ககத்தின் ஆறு மாடிப் படிக்கட்டை முக்கால் மணி நேரம் ஏறி இறங்குவேன்.

தனியாக 30 கி.மீ. ஓடுவது கொடுமை. பெண்களுக்கு விடியற்காலை நாலு மணிக்குத் தெருவில் இறங்குவது அதைவிடக் கஷ்டம். மெரினா, பெசன்ட் நகர், அண்ணா நகர் என்று பகுதிக்குப் பகுதி குழுக்கள் ஓடுகின்றன. போய் நின்று "நானும் வரலாமா?" என்று கேளுங்கள். நான் அப்படித்தான் சேர்ந்தேன்.

படி 3: வேர்வைக் கணக்கு

முதலில் கடிகாரத்தைப் பார்ப்போம். முழு மராத்தான் இருட்டிலேயே தொடங்கிவிடும். நாலு மணிக்குத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரித் தொடக்கத்தில் சென்னையில் சூரியன் உதிப்பது ஏறக்குறைய ஆறரைக்கு. ஐந்தரை மணி நேரத்தில் முடிக்கிறவருக்கு ஒரு கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 49 விநாடி ஆகும். சூரியன் வரும்போது அவர் 19 கி.மீ. ஓடியிருப்பார். மீதி 23 கி.மீ. வெளிச்சத்திலும் வெயிலிலும். ஐந்து மணி நேரக்காரருக்கே சரிபாதி வெயிலில்தான்.

மார்கழிக் குளிர்தானே, 21 டிகிரிதானே என்று நானும் நினைத்தேன். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். நம் ஊரில் அது காயாமல் சொட்டுகிறது. உடம்பு மேலும் மேலும் வேர்க்கிறது.

முதல் முறை எனக்கு நடந்தது இதுதான். தாகம் எடுக்கும் முன்பே குடிக்க வேண்டும் என்று எங்கேயோ படித்துவிட்டு, தண்ணீர் மேசை வந்த இடமெல்லாம் நின்று இரண்டு கோப்பை வெறும் தண்ணீர் குடித்தேன். 28 கி.மீ.யில் குமட்டல். கையைப் பார்த்தால் விரல்கள் வீங்கி, கல்யாண மோதிரம் இறுகி, அசைக்கவே முடியவில்லை. நீர் குறைந்துவிட்டது என்று நினைத்து இன்னும் குடித்தேன். 34-இல் கால்கள் பிடித்துக்கொண்டன. தொண்டு செய்ய வந்திருந்த ஒரு கல்லூரிப் பெண் ஓடிவந்து, "அக்கா, உட்காருங்க, உப்பு இருக்கு" என்று செய்தித்தாள் துண்டில் மடித்த கல்லுப்பைப் பிரித்து நீட்டினாள். நான்கைந்து கல்லை நாக்கில் வைத்துக்கொண்டு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். கறுப்புத் தொப்பியைக் கழற்றினால் விளிம்பெல்லாம் கோலப்பொடி போட்டாற்போல் வெள்ளையாக உப்பு.

தசைப்பிடிப்புக்குக் களைப்பும் காரணம், எல்லாவற்றையும் உப்பின் தலையில் போட முடியாது. ஆனால் குமட்டலும் விரல் வீக்கமும் வேறு விஷயம். வேர்வையில் உப்பு போகிறது, உள்ளே வெறும் தண்ணீர் ஏறுகிறது, ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகிறது. அது முற்றினால் தலைவலி, மனக்குழப்பம், வலிப்பு வரை போகும், உயிருக்கே ஆபத்து. இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, கணக்கு எப்படிப் போடுவது? வீட்டில் எடை பார்க்கும் மெஷின் போதும்.

ஓடப் போகும் முன் சிறுநீர் கழித்துவிட்டு, குறைந்த உடையில் எடை பாருங்கள். போட்டி நாள் வேகத்தில் சரியாக ஒரு மணி நேரம் ஓடுங்கள். இடையில் எவ்வளவு குடித்தீர்கள் என்பதை மட்டும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் உடம்பைத் துடைத்துவிட்டு, அதே அளவு உடையில், மறுபடி எடை. குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர். அதோடு குடித்த அளவைக் கூட்டுங்கள்.

என் கணக்கு இது. விடியுமுன் ஓடியபோது 61.4 கிலோவிலிருந்து 60.8. நடுவில் 200 மி.லி. குடித்தேன். ஆக மணிக்கு 0.8 லிட்டர். காலை ஏழு மணிக்கு மேல் ஓடியபோது 61.4-இலிருந்து 60.5, அதே 200 மி.லி. ஆக 1.1 லிட்டர். எங்கள் குழுவில் ஒரு அண்ணாவுக்கு மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போகிறது. என் அளவு அவருக்கு ஆகாது, அவர் அளவு எனக்கு ஆகாது.

போன வேர்வை முழுவதையும் குடித்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். வயிறு தாங்காது. நான் இருட்டில் மணிக்கு 450 மி.லி., வெயிலில் 650 மி.லி. என்று வைத்துக்கொண்டேன். முடிக்கும்போது எடை சற்றுக் குறைந்திருப்பது இயல்பு. கூடியிருந்தால்தான் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். இந்த அளவை மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓட்டங்களிலாவது பழகிப் பார்த்துவிட்டுத்தான் போட்டிக்குப் போக வேண்டும்.

குடிப்பதில் பாதி ஓஆர்எஸ் (உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த கரைசல்), பாதி தண்ணீர். ஓட்டக்காரர்கள் சக்திக்காகச் சாப்பிடும் ஜெல் எனக்கு ஒத்துவரவில்லை, விலையும் அதிகம். மருந்துக்கடையில் 200 மி.லி.க்கான சிறு பாக்கெட் ஓஆர்எஸ் கிடைக்கும். இடுப்புப் பட்டையில் நாலைந்து செருகிக்கொண்டு, 250 மி.லி. மென்குடுவையில் அளவுக் கோடு வரை தண்ணீர் பிடித்துக் கலக்குவேன். கெட்டியாகக் கலக்காதீர்கள், வயிற்றைப் புரட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டரில் சமையல் உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் கட்டளையிட்டவர்கள் அவரைக் கேட்காமல் இதைச் செய்யாதீர்கள்.

ஓஆர்எஸ் மட்டும் போதுமான சக்தி தராது. அதற்கு 45 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு பேரீச்சம்பழம், அல்லது பாதி கடலை மிட்டாய். பேரீச்சையின் கொட்டையை முந்தைய நாளே எடுத்துவிடுங்கள். கடலை மிட்டாய் 30 கி.மீ.க்கு மேல் மெல்ல முடிவதில்லை, முன்பாதியிலேயே தீர்த்துவிடுங்கள்.

படி 4: சாமான்கள்

புது ஷூ வேண்டாம். குறைந்தது 80, 100 கி.மீ. ஓடிப் பழகியதைப் போடுங்கள். பருத்திச் சட்டை, பருத்தி சாக்ஸ் இரண்டுமே கூடாது. நனைந்தால் காயாமல் தோலை உரசும். வாசலின் டப்பா பத்து நாளுக்கு ஒன்று தீர்ந்தாலும் பரவாயில்லை, தொடையிடுக்கு, அக்குள், ஸ்போர்ட்ஸ் பிரா பட்டை உரசும் இடம், ஆண்களானால் மார்புக்காம்பு, எல்லா இடத்திலும் தாராளமாகப் பூசுங்கள்.

ஜிபிஎஸ் கடிகாரம் விலை குறைந்த மாடலே போதும். போனில் ஓட்டத்தைப் பதியும் ஸ்ட்ராவா செயலியைப் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதை நான் விரும்புவதில்லை. வேர்வைக் கையில் திரை வேலை செய்யாது.

படி 5: பிப் வாங்குவதும் முந்தைய நாளும்

மார்பில் குத்தும் எண் அட்டையைத்தான் பிப் என்கிறார்கள். ஓட்டத்துக்கு முந்தைய நாட்களில் கண்காட்சி அரங்கில் கொடுப்பார்கள். உறுதி மின்னஞ்சல், அடையாள அட்டை இரண்டையும் எடுத்துப்போங்கள். நேரம் பதியும் சிப் அதோடு வரும், அதை மடிக்காதீர்கள். வாங்கினதும் வீட்டுக்குக் கிளம்புங்கள். கடைகடையாக மூன்று மணி நேரம் நின்றால் அந்தக் களைப்பு காலில் தங்கும்.

ராத்திரி எட்டுக்குள் சாப்பாடு. எனக்கு ரசம் சாதம், உருளைக்கிழங்கு. கீரை, பயறு, பிரியாணி எதுவும் வேண்டாம். படுத்தால் தூக்கம் வராது. கவலைப்படாதீர்கள், அதற்கு முந்தைய ராத்திரி நன்றாகத் தூங்கியிருந்தால் போதும்.

படி 6: ஓட்ட நாள்

ஒன்றே முக்காலுக்கு எழுந்து, இரண்டேகாலுக்குள் இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம், காபி. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். நீர் குறைந்த உடம்பில் ஐபுப்ரோஃபென் போன்றவை சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும்.

ஓட்டம் நேப்பியர் பாலத்துப் பக்கம் தொடங்கினால், அந்நேரத்தில் அங்கே வண்டி நிறுத்த அலையாதீர்கள். முதல் பத்து கி.மீ. மெதுவாக, பக்கத்தில் ஓடுகிறவரிடம் பேச முடிகிற வேகத்தில் போங்கள். காமராஜர் சாலையில் கூட்டமும் கடல்காற்றும் சேர்ந்து ஆளை இழுக்கும். அந்த இழுப்புக்குப் போய்விடாதீர்கள். வெயில் ஏறியதும் தண்ணீர் மேசைகளில் ஒரு கோப்பை குடிக்க, ஒன்று தலையில் ஊற்ற. ஷூவுக்குள் போகாமல் குனிந்து ஊற்றுங்கள்.

பின்சேர்க்கை 1: ஒரு தம்பி எழுதியிருந்தார். தொடங்கும் இடத்திலேயே பைக்கை நிறுத்திவிட்டு ஓடினாராம், முடிந்த இடம் வேறு. 42 கி.மீ. ஓடிய காலோடு, வியர்வைத் துணியோடு, திரும்பிப் போக ஆட்டோ கிடைக்காமல் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார். பாதை ஆண்டுக்கு ஆண்டு மாறும். தொடக்கமும் முடிவும் எங்கே என்று வரைபடத்தில் பார்த்துவிட்டு, முடிவிடத்திலிருந்து வீடு திரும்ப வழி செய்துவையுங்கள். என்னைத் தொடக்கத்தில் இறக்கிவிடுவது என் கணவர், முடிவில் ஏற்றிக்கொள்வதும் அவர்தான். சில ஆண்டுகளில் ஓட்டக்காரர்களுக்காக மெட்ரோ முன்கூட்டியே ஓடியிருக்கிறது. அறிவிப்பு வருகிறதா என்று அந்த வாரம் கவனியுங்கள்.

பின்சேர்க்கை 2: அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானத்தை ஓஆர்எஸ் என்று நினைத்து வாங்கியதாக இரண்டு பேர் சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. ஆனாலும் கடையில் பழைய சரக்கு இருக்கலாம். உறையில் உலக சுகாதார நிறுவன அளவு என்று அச்சிட்டிருக்கும் பொடியாகப் பார்த்து வாங்குங்கள்.

பின்சேர்க்கை 3: ஓட்டம் முடிந்து சில நாளில் நேரச் சான்றிதழ் இணையத்தில் வரும். உடனே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நகர ஓட்டங்களுக்குப் பதியும்போது தொடக்க வரிசையில் இடம் ஒதுக்க அதைத்தான் கேட்கிறார்கள். என்னுடைய முதல் சான்றிதழை, நடந்து முடித்ததை, அச்சடித்து சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். பக்கத்தில் பென்சிலில் எழுதியிருப்பது 0.8, 1.1.