குழாய்க் கணக்கில் முதலில் ரெனால்ட்ஸ் எண்

குழாயில் அழுத்த இழப்பைக் கேட்கும் வினாவைக் கண்டவுடன், 64-ஐ ரெனால்ட்ஸ் எண்ணால் (வேகம் × விட்டம் ÷ இயக்கப் பாகுநிலை) வகுத்து உராய்வுக் காரணியை எழுதிவிடும் பழக்கம் பொறியியல் மாணவர் பலருக்கும் உண்டு. அந்த வாய்ப்பாடு லேமினார் ஓட்டத்துக்கு, அதாவது கலங்காமல் அடுக்கடுக்காகச் செல்லும் ஓட்டத்துக்கு, மட்டுமே உரியது என்பதால், ரெனால்ட்ஸ் எண் ஏறத்தாழ 2300-க்குள் இருக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

25 மில்லிமீட்டர் விட்டமுள்ள வழவழப்பான குழாயில் தண்ணீர் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என வைத்துக்கொள்வோம். 20 பாகை செல்சியஸில் நீரின் இயக்கப் பாகுநிலை வினாடிக்கு சுமார் 0.000001 சதுர மீட்டர். விட்டத்தை மறவாமல் மீட்டருக்கு மாற்றினால் ரெனால்ட்ஸ் எண் 25,000 என வரும். இது தெளிவான கொந்தளிப்பு ஓட்டம். இங்கே லேமினார் வாய்ப்பாடு 0.0026 என்ற காரணியைத் தரும். வழவழப்பான குழாயில் கொந்தளிப்பு ஓட்டத்துக்கு உரிய பிளாசியஸ் வாய்ப்பாடோ 0.025 எனத் தருகிறது. லேமினார் வாய்ப்பாட்டில் கணக்கிட்ட அழுத்த இழப்பு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுவதால், அதை நம்பித் தேர்ந்தெடுக்கும் பம்பு தண்ணீரை உரிய அளவில் தள்ளாது.

வீட்டுக் குழாயை மிக மெல்லத் திறந்தால் கண்ணாடிக் கம்பிபோல் இறங்கும் நீர், மேலும் திறந்ததும் கலங்கி நடுங்குவதைப் பாருங்கள். 1883-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாய்க்குள் சாய இழையைச் செலுத்தி ஆராய்ந்ததும் இத்தகைய மாற்றத்தைத்தான்.

சில பாடநூல்களில் 64-க்குப் பதிலாக 16 இருக்கும். அது ஃபேனிங் காரணி, 64 வரும் டார்சி காரணியில் கால் பங்கு. ஆகவே இழப்புச் சமன்பாட்டில் 4 என்ற பெருக்கு எண் இருக்கிறதா என்று பார்த்தபின் பயன்படுத்துங்கள்.