கொலைக் கதை எழுதுகிறீர்களா? முதலில் எஃப்.ஐ.ஆர். போடுங்கள்

தமிழில் க்ரைம் எழுதுகிறவர்களில் பலருக்கு பிணம் கிடைக்கிற காட்சி நன்றாகவே வருகிறது. ஜீப்பிலிருந்து இன்ஸ்பெக்டர் இறங்கியதும்தான் கதை கெடுகிறது. அவர் கைக்குட்டையால் கத்தியை எடுக்கிறார், பக்கத்து வீட்டுக்காரரிடம் வாக்குமூலம் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார், ராத்திரியோடு ராத்திரியாக போஸ்ட்மார்ட்டம் முடிகிறது, காலையில் கொலையாளி ஸ்டேஷனில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான், வழக்கு முடிந்தது. இதில் ஒவ்வொன்றும் தப்பு. தப்பு என்பதைவிட எனக்கு உறுத்துவது, இதையெல்லாம் சரியாக எழுதியிருந்தால் சும்மா கிடைத்திருக்கக்கூடிய திருப்பங்களை எழுத்தாளர் தானே தூக்கிப் போட்டுவிட்டார் என்பதுதான். சட்ட நடைமுறையில் காலக்கெடு இருக்கிறது, காகிதம் இருக்கிறது, பொய் சொல்ல ஒரு காரணத்தோடு பத்துப் பேர் இருக்கிறார்கள். கதைக்கு வேறென்ன வேண்டும்?

இன்றைய தமிழ்நாட்டில் நடக்கிற ஒரு கொலையை வைத்தே சொல்கிறேன். எழுத ஆரம்பிக்கும் முன் சம்பவத் தேதியை முடிவு செய்யுங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பி.என்.எஸ்., குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பி.என்.எஸ்.எஸ்., சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பி.எஸ்.ஏ. வந்துவிட்டன. கொலைக்கு 302 போய் 103(1) வந்தது, மோசடிக்கு 420 போய் 318(4) வந்தது. ஆனால் சம்பவம் 2023இல் நடந்திருந்தால் விசாரணை 2026இல் நடந்தாலும் குற்றச்சாட்டு பழைய 302தான். அப்புறம், காகிதத்தில் புது எண்ணைப் போட்டாலும் பேச்சில் ஏட்டும் வக்கீலும் இன்னும் "த்ரீ நாட் டூ" என்று சொல்லலாம், அது இயல்பு. எண்ணே வேண்டாம் என்று நினைத்தால் "கொலை வழக்கு" என்று எழுதிவிட்டுப் போங்கள், யாரும் கேட்கப் போவதில்லை.

இப்போது வழக்கு தொடங்குகிற இடத்துக்கு வருவோம். இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்கச் சொல்வேன்.

வெட்டுப்பட்டவர் உயிரோடு ஜி.எச்.சுக்கு வருகிறார் என்று வையுங்கள். டூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். காப்பியில், "தெரிந்த மூன்று நபர்களால் அரிவாளால் வெட்டப்பட்டதாகக் கூறினார்" என்கிற மாதிரி ஒரு வரி எழுதுவார். அந்த ஒரு வரியை வைத்து பின்னால் செஷன்ஸ் கோர்ட்டில் ஒரு நாள் முழுக்கக் குறுக்கு விசாரணை நடக்கலாம். டாக்டர் "தெரியாத நபர்கள்" என்று எழுதியிருக்க, எஃப்.ஐ.ஆரில் மட்டும் மூன்று பெயர்களும் அப்பா பெயரோடு இருந்தால், அந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன? ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போனதும் ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்து வாக்குமூலம் வாங்கி வழக்குப் பதிவார்கள். வெட்டுப்பட்டவர் பிழைக்கமாட்டார் என்று டாக்டர் சொன்னால் மாஜிஸ்திரேட் வந்து மரண வாக்குமூலம் பதிவு செய்வார், பேசுகிற மனநிலையில் அவர் இருக்கிறாரா என்று டாக்டர் சான்று தருவார். ஆள் இறந்ததும் கொலை முயற்சி கொலையாக மாறுகிறது, அதற்குப் பிரிவு மாற்ற அறிக்கை தனியாகக் கோர்ட்டுக்குப் போகும்.

எஃப்.ஐ.ஆர். போட்டதும் தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். கொலை வழக்கென்றால் ஒரு காவலர் கையிலேயே கொண்டுபோவார், ராத்திரியென்றால் மாஜிஸ்திரேட் வீட்டுக்கே. அவர் வாங்கிய நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவார். ராத்திரி 8 மணிக்குப் பதிந்ததாகச் சொல்லும் எஃப்.ஐ.ஆர். ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கிற மாஜிஸ்திரேட் கைக்கு மறுநாள் மதியம் 2 மணிக்குப் போய்ச் சேர்ந்தால், நடுவில் உட்கார்ந்து யோசித்து எழுதிய எஃப்.ஐ.ஆர். இது என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்பதே ஒரு நாவலுக்குப் போதும். இதற்கு ஒரு நல்ல பாத்திரமும் இருக்கிறார்: ஸ்டேஷன் ரைட்டர். எந்தக் காகிதத்தில் எந்த நேரம் எழுதப்பட்டது என்று அவருக்குத்தான் தெரியும். நம் கதைகளில் அவர் டீ வாங்கி வரச் சொல்வதற்கு மட்டுமே வருகிறார், பாவம்.

புகார் கொடுத்தவுடன் எஃப்.ஐ.ஆர். கிடைத்துவிடும் என்றும் எழுதாதீர்கள். கொலை, கொள்ளை போன்ற பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றத்தில் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் லலிதா குமாரி வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் காணாமல்போன மகளைத் தேடி வருகிற அப்பாவுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் புகாரை வாங்கிக்கொண்டதற்கான ஒரு சி.எஸ்.ஆர். ரசீதும் "போயிட்டு வாங்கய்யா, கூப்பிடுறோம்" என்ற பதிலும்தான். சாவில் சந்தேகம் மட்டும் இருந்தால் முதலில் சந்தேக மரணம் என்று பதிவாகும் (பழைய நடைமுறைச் சட்டத்தில் 174, இப்போது பி.என்.எஸ்.எஸ்.ஸில் 194). கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் இறந்த பெண்ணென்றால் ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், விசாரணை வரும். அந்த விசாரணையில் பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே வராந்தாவில் காத்திருப்பார்கள், காட்சி தானாக எழுதிக்கொள்ளும்.

சம்பவ இடத்தில் இன்ஸ்பெக்டர் செய்வது பார்வை மகசர் (இடத்தைப் பார்த்து சாட்சிகள் முன்னால் எழுதும் குறிப்பு), மாதிரி வரைபடம், ரத்தம் தோய்ந்த மண்ணும் தோயாத மண்ணும் தனித்தனியாக எடுப்பது, பஞ்சாயத்தார், அதாவது அந்தப் பகுதிக்காரர்கள் சிலர், முன்னால் பிரேத விசாரணை. ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களுக்கு தடய அறிவியல் நிபுணர் நேரில் வர வேண்டும் என்று புதுச் சட்டம் சொல்கிறது. பொருளைக் கைப்பற்றுவதை வீடியோ எடுக்கவும் வேண்டும். அந்த வீடியோவில் ஓரத்தில் யார் நிற்கிறார் என்பதை உங்கள் வக்கீல் பாத்திரம் கவனிக்கட்டும். மோப்ப நாய் வந்தால் சிறிது தூரம் ஓடி பஸ் ஸ்டாப்பில் படுத்துக்கொள்ளும், எல்லா நாளிதழ்ச் செய்தியிலும் அப்படித்தான் செய்கிறது. போஸ்ட்மார்ட்டத்தைப் பொறுத்தவரை, 2021 முதல் வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில் சூரியன் மறைந்த பிறகும் செய்யலாம். ஆனால் கொலை, தற்கொலை, சந்தேக மரணம் போன்றவை, சட்டம் ஒழுங்குப் பிரச்சினை வந்தால் தவிர, அந்தச் சலுகையில் இல்லை. எனவே உறவினர்கள் பிணவறை வாசலில் விடிய விடியக் காத்திருப்பார்கள். உள்ளுறுப்பு ஆய்வு அறிக்கையும் மறுநாளே வந்துவிடாது. "ராத்திரி 11.20க்கு உயிர் போயிருக்கு" என்று எந்த டாக்டரும் சொல்லமாட்டார், சில மணி நேர இடைவெளியைத்தான் சொல்வார்.

யார் விசாரிக்கிறார் என்பதில் சறுக்குகிறவர்கள் அதிகம். கொலை வழக்கை சட்டம் ஒழுங்கு இன்ஸ்பெக்டர் விசாரிப்பார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சேர்ந்தால் டி.எஸ்.பி. அந்தஸ்தில் உள்ளவர் விசாரிக்க வேண்டும். சென்னை, மதுரை, கோவை மாதிரி கமிஷனர் உள்ள நகரங்களில் ஸ்டேஷனுக்கு மேலே உதவி கமிஷனர், துணை கமிஷனர் இருப்பார்கள், சென்னைக் கொலையை ஒரு "மாவட்ட எஸ்.பி." வந்து பார்வையிட முடியாது. கீழே இருப்பவர்கள் ஆண் அதிகாரியை "ஐயா" என்பார்கள், பெண் அதிகாரியை "அம்மா" அல்லது "மேடம்".

சாட்சிகளைப் போலீஸ் விசாரித்து எழுதும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடக்கூடாது. சட்டமே தடுக்கிறது. அதனால்தான் "நான் அப்படிச் சொல்லவே இல்லைங்க" என்று கோர்ட்டில் பல்டி அடிக்க முடிகிறது, பிறழ்சாட்சி பிறக்கிறார். கையெழுத்து வாங்கும் காட்சி எழுதினால் அந்தத் திருப்பத்தை நீங்களே அடைத்துவிடுகிறீர்கள்.

அதேபோல் போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. ஒரே ஒரு ஓட்டை உண்டு: போலீஸ் காவலில் இருப்பவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கிடைத்தால், அந்தக் கண்டுபிடிப்புக்கு நேராகச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். பிரிட்டிஷ் காலத்தில் சென்னை மாகாணத்திலிருந்து லண்டனில் இருந்த கடைசி அப்பீல் மன்றமான பிரிவி கவுன்சில்வரை போன புலுக்குரி கோட்டையா வழக்குதான் இதற்கு இன்றைக்கும் அடிப்படை. "அவனை வெட்டின அரிவாளை கிணத்து மேட்டுப் புதர்ல ஒளிச்சு வச்சிருக்கேன், காட்டுறேன்" என்று ஒருவன் சொன்னால், ஒளித்து வைத்ததும் காட்டுவதும் நிற்கும், வெட்டியது நிற்காது. அந்த அரிவாளை எடுக்கும்போது சாட்சிக்கு நிற்பவர் பெரும்பாலும் வி.ஏ.ஓ.வும் அவருடைய உதவியாளரும். ஏற்கெனவே எழுதி முடித்த மகசரில் கையெழுத்துப் போடச் சொல்லும்போது ஒரு வி.ஏ.ஓ. தயங்குவதை எழுதிப் பாருங்கள். உண்மை கண்டறியும் சோதனையை வைத்து முடிச்சை அவிழ்க்க நினைத்தால் கவனம்: சம்மதம் இல்லாமல் செய்யக்கூடாது என்று 2010இல் செல்வி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கைது என்றால் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். அதற்கு முன் ஜி.எச்.சில் உடல் பரிசோதனை. ராத்திரி பதினொன்றரைக்கு மாஜிஸ்திரேட் வீட்டு வாசலில், வேட்டியோடு வந்து நிற்கும் நீதிபதி "அடிச்சாங்களா?" என்று கேட்கிற அந்த ஒரு நிமிஷத்தை நம் கதைகள் ஏனோ விட்டுவிடுகின்றன. "மௌனமாக இருக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது" என்று இங்கே எந்த எஸ்.ஐ.யும் ஓதுவதில்லை, அது அமெரிக்கா. பெண்ணை சூரியன் மறைந்த பிறகு கைது செய்வது விதிவிலக்கான சூழலில் மட்டும்தான், அதற்கும் பெண் போலீஸும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும்.

பிடிபடாத குற்றவாளிகள் சம்பவத்துக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு ஊர் கோர்ட்டில் சரணடைவது நமக்கே உரிய வழக்கம், தாராளமாகப் பயன்படுத்துங்கள். அதற்குப் பிறகு போலீஸ் மனு போட்டுத்தான் காவலில் எடுக்க முடியும். மொத்தம் 15 நாள்தான், ஆனால் புதுச் சட்டப்படி அதைத் குற்றத்தைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாட்களுக்குள் துண்டு துண்டாகவும் எடுக்கலாம். கொலை வழக்கில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமையாகிவிடும், எனவே 89ஆம் நாள் சாயங்காலம் உங்கள் இன்ஸ்பெக்டருக்கு வியர்க்கட்டும். வெளியே வராமல் தடுக்க குண்டாஸ், அதாவது குண்டர் தடுப்புச் சட்டம், போடுவார்கள். அது 1982ஆம் வருடத்து மாநிலச் சட்டம். கமிஷனரோ கலெக்டரோ கையெழுத்துப் போடுவார், 12 மாதம்வரை உள்ளே வைக்கலாம். அது உடைவது ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனுவில், அதுவும் பெரும்பாலும் படிக்க முடியாத நகல் கொடுத்தார்கள், உள்ளே இருப்பவர் அரசுக்குக் கொடுத்த மனுவைப் பரிசீலிக்கத் தாமதம் செய்தார்கள் என்பது போன்ற காரணத்துக்காக. ஒரு ஜெராக்ஸ் மெஷினில் மை தீர்ந்ததால் ரவுடி வெளியே வருவது நம்ப முடியாத கதை இல்லை.

கோர்ட் காட்சிக்கு: சுத்தியல் கிடையாது, கீதை மேல் சத்தியம் கிடையாது, ஜூரி கிடையாது. 1940களில் நடக்கிற கதையென்றால் ஜூரி உண்டு, லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் ஜூரி முன்னால்தான் நின்றார்கள். கொலை வழக்கு மாஜிஸ்திரேட்டிடமிருந்து செஷன்ஸுக்குப் போய்த்தான் விசாரணைக்கு வரும். வழக்கை நடத்துவது அரசு வழக்கறிஞர், செத்தவரின் குடும்பம் வைக்கிற வக்கீல் அவருக்கு உதவி மட்டும் செய்யலாம். ஆயுள் தண்டனை 14 வருடம் என்று எழுதாதீர்கள், அது ஆயுள் முழுக்க. சி.சி.டி.வி. காட்சியின் நகலைக் காட்டினால் அதற்கு ஒரு சான்றிதழ் கேட்பார்கள். செல்போன் டவர் ஆள் எந்தப் பகுதியில் இருந்தார் என்று சொல்லும், எந்த அறையில் என்று சொல்லாது.

இதையெல்லாம் எங்கே கற்றுக்கொள்வது? செஷன்ஸ் தீர்ப்புகளைப் படியுங்கள், இ-கோர்ட்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, தமிழிலேயே எழுதப்பட்டவையும் உண்டு. அ.சா.1 (அரசுத் தரப்பின் முதல் சாட்சி) என்ன பார்த்தார், அ.சா.2 ஏன் பிறழ்ந்தார், சா.பொ.3 (மூன்றாவது சான்றுப் பொருள்) அரிவாளா கத்தியா என்று ஒரு கொலையை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும். குறிப்பாக விடுதலை செய்த தீர்ப்புகளை எடுங்கள், போலீஸ் எங்கெங்கே கோட்டை விட்டது என்று நீதிபதியே பட்டியல் போட்டிருப்பார். அப்புறம் உங்கள் ஊர் கோர்ட்டுக்கு ஒரு நாள் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள், பொதுவாக யாரும் போகலாம், போனை மட்டும் அணைத்துவிடுங்கள். கடைசியாக ஒரு கிரிமினல் வக்கீலிடம் கதையைக் கொடுத்து "சரியா இருக்கா?" என்று கேட்காதீர்கள், நல்லாயிருக்கு என்று சொல்லி அனுப்பிவிடுவார். "இந்த வழக்கில் நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பென்றால் எந்தக் காகிதத்தை முதலில் கேட்பீர்கள்?" என்று கேளுங்கள்.