அயனி மாடலும் செயற்கைக்கோள் அளவீடும்: ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வளிமண்டலத்தின் மேலே அயனிகள் (மின்னூட்டம் பெற்ற அணுக்கள்) நிறைந்த அயனிமண்டலத்தைப் பற்றிய மாடல் கணக்கும் செயற்கைக்கோள் அளவீடும் ஒத்துப்போகாவிட்டால் பழி உடனே மாடல் மேல் விழுகிறது. அதற்கு முன், இரண்டும் ஒரே இடத்தை, ஒரே நேரத்தை, ஒரே அளவைத்தான் சொல்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். அடர்த்தியில் பத்து லட்சம் மடங்கு வித்தியாசம் வந்தால் குழம்ப வேண்டாம்: ஒன்று கன சென்டிமீட்டருக்கு, மற்றது கன மீட்டருக்கு.

உயரப் பிழை அப்படிக் கண்ணில் படாது. பூமி மையத்திலிருந்து உள்ள தூரத்தில் 6371 கி.மீ. கழித்து, அதையே உயரம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பூமி முழு உருண்டை அல்லவே. இந்தக் கணக்கில் உயரம் நிலநடுக்கோட்டில் 7 கி.மீ. கூடுதலாகவும் துருவத்தில் 14 கி.மீ. குறைவாகவும் வரும். ஆக்சிஜன் அயனி நிறைந்த மேல்பகுதியில், வெப்பநிலை 1000 கெல்வின் என்றால், சுமார் 120 கி.மீ. ஏறுவதற்குள் அடர்த்தி 2.7-ல் ஒரு பங்காகிவிடும். அந்த 14 கி.மீ. பிழை மட்டுமே மாடல் அடர்த்தியைச் சுமார் 12 சதவீதம் உயர்த்திக் காட்டும். மாடலின் இரு உயரப் புள்ளிகளுக்கு நடுவே மதிப்பு எடுக்கும்போதும் மடக்கையில்தான் எடுக்க வேண்டும். கீழே 10 லட்சம், மேலே 10 ஆயிரம் என்றால் நடுவில் இருக்க வேண்டியது 1 லட்சம். நேர்சராசரி 5,05,000 என்று ஐந்து மடங்கு காட்டும்.

அதிகம் ஏமாற்றுவது அயனி ஓட்ட வேகம். 500 கி.மீ. உயரத்தில் செயற்கைக்கோள் நொடிக்கு 7.6 கி.மீ. பறக்கிறது. அது நோக்கி நிற்கும் திசையின் கணக்கு 0.1 பாகை பிசகினாலே நொடிக்கு 13 மீட்டர் பொய் வேகம் முளைக்கும். நிலநடுக்கோட்டின் மேல் பகலில் அயனிகள் மேலே எழும் வேகமே 20-30 மீட்டர்தான்! இன்னொன்று: நிலநடுக்கோட்டின் மேல் அதே உயரத்தில் பூமிச் சுழற்சியால் வரும் கிழக்கு வேகம் நொடிக்குச் சுமார் 500 மீட்டர். அந்தப் பகுதியில் வேறுபாடு எங்கும் கிட்டத்தட்ட அந்த அளவிலேயே நின்றால், ஒரு பக்கம் மட்டும் சுழற்சியைக் கழித்திருக்கிறார்கள் என்று பொருள். நிலநடுக்கோட்டை விட்டு விலகினால் செங்குத்து வேகத்தில் காந்தப்புலக் கோட்டோரமான ஓட்டமும் கலந்துவிடும். மாடல் தருவது புலத்துக்குக் குறுக்கான பகுதியை மட்டும்தானா என்று பாருங்கள்.

ஆக்சிஜன் அயனியை மொத்த அயனி என்று கொள்வதும் ஆபத்து. சூரியச் செயல்பாடு மிகத் தணிந்திருந்த 2008-இல், அயனிமண்டலத்தை ஆராய்ந்த சி/நோஃப்ஸ் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளின் அளவீட்டின்படி, மிகுதியான அயனி ஆக்சிஜனிலிருந்து ஹைட்ரஜனுக்கு மாறும் உயரம் இரவில் 450 கி.மீ. வரை இறங்கியிருந்தது; பகலில் 850.

பரவலாகப் பயன்படும் ஐஆர்ஐ (International Reference Ionosphere) மாடல் தருவது மாத இடைநிலை (median) மதிப்பு. அதைக் காந்தப்புயல் நாள் ஒன்றோடு வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. மாதச் சராசரி வரைபடத்தோடு பாதையை ஒப்பிடாமல், ஒவ்வொரு அளவீட்டின் இடத்துக்கும் உலக நேரத்துக்கும் மாடலை ஓட்டி மதிப்பெடுங்கள். மாடலின் கட்டம் 5 பாகை என்றால், 500 கி.மீ. உயரத்தில் அது 600 கி.மீ. அகலம், செயற்கைக்கோள் அதைக் கடக்க 80 நொடி ஆகும். அடர்த்தி திடீரெனக் குறையும் பகுதிகளான இரவுநேரப் பிளாஸ்மா குமிழிகள் அதற்குள் ஒளிந்துவிடும். அவற்றைத் தனியே குறித்து ஒதுக்கிவிட்டு, மீதி அளவீட்டை 80 நொடி இடைநிலையாக்கிய பிறகே மாடல் மதிப்போடு கழித்துப் பாருங்கள்.