டெம்பே: செய்முறையும் கொழுப்புக் கணக்கும்

இரத்தப் பரிசோதனைத் தாளில் எல்.டி.எல். என்னும் கெட்ட கொலஸ்ட்ராலின் அளவு 150ஐத் தொட்டதும், எதைச் சாப்பிட்டால் இது குறையும் என்ற கேள்வி வீட்டில் எழுகிறது. புளிக்கவைத்த சோயா உணவுகளின் பெயரும் அப்போதே அடிபடுகிறது. அவற்றுள் ஜப்பானின் மிசோவும் சோயா சாஸும் உப்பு மிகுந்தவை, தொட்டுக்கொள்ளும் அளவுக்கு மேல் உண்ணக்கூடாதவை. இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் பிறந்த டெம்பேயோ உப்பே சேராமல் முழுப் பருப்பாகவே புளிப்பது. நமது கடலோர ஊர்களின் தட்பவெப்பமும் அதற்கு ஏற்றது என்பதால், வீட்டில் செய்துபார்க்க நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

முதலில் எதிர்பார்ப்பை அளந்துகொள்வது நல்லது. நாள்தோறும் 25 கிராம் சோயாப் புரதம் இதயத்துக்கு நல்லது என்று உணவுப் பொட்டலங்களில் அச்சிட, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1999இல் அனுமதித்தது. சான்றுகள் ஒருமித்து இல்லை என்று கூறி, 2017இல் அந்த அனுமதியைத் திரும்பப் பெறவும் அதுவே முன்மொழிந்தது. அந்நிர்வாகம் கணக்கில் கொண்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது எல்.டி.எல். குறைந்த அளவு 3 முதல் 4 விழுக்காடு. அதாவது 150 என்பது ஏறத்தாழ 145 ஆகும். அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பிரித்தெடுத்த சோயாப் புரதத்தைக் கொண்டு நடந்தவையே அன்றி டெம்பேயைக் கொண்டு நடந்தவை அல்ல. ஆகவே கொலஸ்ட்ராலைக் குறைக்க மருத்துவர் தந்த ஸ்டாடின் மாத்திரையை நிறுத்திவிட்டு டெம்பேயை நம்புவது தவறு.

இந்தச் சிறு பலனும் எப்படி வருகிறது என்பதை அறிந்தால் சமைக்கும் முறை தானே விளங்கும். சோயாப் புரதம் செரிக்கும்போது உண்டாகும் சில சிறு துண்டுகள், இரத்தத்திலிருந்து எல்.டி.எல்லை உள்ளிழுக்கும் ஏற்பிகளைக் கல்லீரல் செல்களில் பெருக்குவது ஆய்வுக்கூடச் சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. நார்ச்சத்து குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்ற, அவற்றை மீண்டும் ஆக்குவதற்குக் கல்லீரல் கொலஸ்ட்ராலைச் செலவிடுகிறது. நொதித்தலின் பங்கு, சோயாவில் இயல்பாக உள்ள ஐசோஃபிளேவோன் என்னும் சேர்மங்களோடு ஒட்டியிருக்கும் சர்க்கரையைக் கழற்றி, அவை எளிதில் உறிஞ்சப்பட வழிசெய்வது. இவை எல்லாவற்றையும்விட, ஆட்டுக்கறியோ வெண்ணெயோ இருந்த இடத்தில் டெம்பே வரும்போது நிறைவுற்ற கொழுப்பு குறைகிறதே, அதுவே பெரிய பலன் என்பது என் கருத்து.

இனிச் செய்முறை. அரைக் கிலோ சோயா பீன்ஸை இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் நீருக்குள்ளேயே இரு கைகளாலும் கசக்கினால் தோல் கழன்று மேலே மிதக்கும். அதை வடித்து, நீர் மாற்றி, மீண்டும் கசக்க வேண்டும். தோல் தங்கினால் பூஞ்சை பருப்புக்குள் இறங்காது. பிறகு திறந்த பாத்திரத்தில் முக்கால் மணி நேரம் வேகவையுங்கள். விரல்களுக்கிடையே அழுத்தினால் பருப்பு பிளக்க வேண்டும், மசியக் கூடாது. குக்கரில் வைத்தால் குழைந்துவிடும்.

வடித்த பருப்பைத் துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்துவதுதான் வேலையின் உயிர்நாடி. முதல் முறை நான் இதில் அவசரப்பட்டதால், மறுநாள் பொட்டலத்தைத் திறந்தபோது வெண்பூஞ்சைக்குப் பதில் நூலாக இழுபடும் பிசுபிசுப்பும் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடியும்தான் இருந்தன. தொட்டுப் பார்த்தால் கை நனையாமல், இளஞ்சூட்டில் பருப்பு இருக்கும்போது இரண்டு மேசைக்கரண்டி வினிகரும், பொட்டலத்தில் குறித்த அளவு டெம்பே உறைத்தூளும் தூவிக் கலக்குங்கள். ரைசோபஸ் என்னும் பூஞ்சையின் வித்துகளே அத்தூள். இந்தோனேசியர் அதை ‘ராகி’ என்பார்கள். நம் கேழ்வரகுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கலவையை வாழையிலையிலோ, ஊசியால் விரற்கடைக்கு ஒன்றாகத் துளையிட்ட பாலிதீன் பையிலோ இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டையாகக் கட்டி, 30 முதல் 32 டிகிரி வெப்பத்தில் வையுங்கள். இட்லி மாவு நன்றாகப் பொங்கும் இடம் எதுவோ, அது போதும். அரை நாளுக்குப் பின் பொட்டலம் தானே சூடேறத் தொடங்கும். அப்போது காற்றோட்டமான இடத்துக்கு மாற்ற வேண்டும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் வெண்ணிழைகள் பருப்புகளைப் பிணைத்து, அடையாக வெட்டும்படி கெட்டியாகிவிடும். காளான் மணம் வரும். துளைகளருகே சாம்பல், கறுப்புப் புள்ளிகள் தோன்றினால் கேடில்லை. இளஞ்சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்கள் தெரிந்தால் முழுவதையும் எறிந்துவிடுங்கள்.

சுவைக்காகத் தேங்காய்த் துருவல் சேர்த்துப் பார்க்கலாமே என்று நம்மவருக்குத் தோன்றும். வேண்டாம். ஜாவாவில் தேங்காய்ப் பிண்ணாக்கில் செய்துவந்த ‘டெம்பே போங்க்ரெக்’கில் ஒருவகை நுண்ணுயிர் நஞ்சு உண்டாகிப் பலர் இறந்தனர், 1988இல் அங்கே அதற்குத் தடை விதிக்கப்பட்டது.

ஜாவாவில் பொதுவாக டெம்பேயை எண்ணெயில் பொரிக்கிறார்கள். அது ருசிதான், ஆனால் கொழுப்பைக் குறைக்க வந்தவருக்கு ஏற்றதன்று. பத்து நிமிடம் ஆவியில் வேகவைத்து, மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு, ஒரு கரண்டி எண்ணெயில் தோசைக்கல்லில் வாட்டுங்கள். நூறு கிராமில் ஏறத்தாழ 19 கிராம் புரதம் உண்டு. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதற்கும் டெம்பேக்கும் இடையே நான்கு மணி நேரமாவது விட வேண்டும். சோயா அம்மருந்தைச் சரியாக உறிஞ்சவிடாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உண்பவர்கள் டெம்பேயைவிட, ஜப்பானின் புளித்த சோயா உணவான நாட்டோவிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், ஏனெனில் அதில் மிகுந்துள்ள வைட்டமின் கே அம்மருந்தின் வேலையை முறித்துவிடும்.