ஆடும் நாற்காலிக்கு மர ஆணி மாற்றுவது எப்படி

ஆடும் மூட்டின் இடுக்கில் பசையைப் பிழிந்து கயிற்றால் கட்டிவைப்பது வீண் வேலை. காய்ந்த பசைமேல் புதுப் பசை பிடிக்காது. மரத்துக்குள் ஊறினால்தான் பிடிக்கும். எனவே மூட்டை முழுதாகக் கழற்றுங்கள். தக்கைக் கட்டை ஒன்றை வைத்து, அதன்மேல் கொட்டாப்புளியால் தட்டினால் கால் நசுங்காது. விலங்குத் தோலைக் காய்ச்சிச் செய்த பழங்கால வச்சிரப் பசை என்றால் வெந்நீருக்கு இளகும்.

உள்ளே ஒடிந்த மர ஆணியை, அதாவது மூட்டின் இரு துண்டுகளையும் இணைக்கும் உருளைக் குச்சியை, குறடால் பிடுங்காதீர்கள், துளையின் வாய் பிய்ந்துவிடும். மட்டமாக அறுத்து, நடுவில் 4 மி.மீ. துளையிட்டு, பிறகு ஆணியின் அளவுக்கே பெரிதாக்குங்கள். ஓரத்தில் ஒட்டியிருக்கும் சிம்புகளையும் பசையையும் மெல்லிய உளியால் சுரண்டுங்கள். பொறுமை வேண்டிய இடம் இதுதான்.

ஆணியின் விட்டம் மரத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை இருக்கலாம், 20 மி.மீ. சட்டத்துக்கு 8 மி.மீ. சரி. 40 மி.மீ. நீள ஆணிக்கு இரு பக்கமும் 21 மி.மீ. ஆழம் போதும். அந்த அளவில் டிரில் பிட்டில் ஒரு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். ஆழம் குறைந்தால் ஆணி அடியில் முட்டி மூட்டு வாய் திறந்தே நிற்கும்.

வரி போட்ட ஆணிதான் நல்லது. வழுவழு ஆணி, துளையில் உள்ள பசையை வெளியேற விடாமல் அழுத்தி மரத்தையே பிளந்துவிடும். அதுதான் கிடைத்தது என்றால் ரம்பத்தால் நெடுக ஒரு காடி கீறி, முனைகளை உப்புத்தாளில் தேயுங்கள்.

முதலில் பசையில்லாமல் பூட்டிப் பாருங்கள். கையால் அழுத்தி, கடைசியில் லேசாகத் தட்டினால் இறங்க வேண்டும். ஓங்கி அடித்தால்தான் இறங்கும் என்றால் பசை வழிக்கப்பட்டுவிடும். லொடலொடத்தால், மரத்தூளும் பசையும் குழைத்து அடைப்பது நிற்காது. பெரிய ஆணியை ஒட்டி, காய்ந்தபின் மட்டமாக அறுத்துப் புதிதாகத் துளையிடுங்கள்.

வெள்ளை மரப்பசையைக் குச்சியால் துளையின் சுவரெங்கும் தடவுங்கள், ஆணிக்கு மெல்லிய பூச்சு போதும். அதிலுள்ள நீரால் ஆணி ஊதும். ஆகவே நடுவில் நிறுத்தாமல் பூட்டி கிளாம்ப் போடுங்கள். மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். கோணலாகக் காய்ந்தால் மறுபடி பிரிக்க வேண்டியதுதான். வழியும் பசையை உடனே ஈரத்துணியால் துடையுங்கள், காயவிட்டால் அந்த இடத்தில் வார்னிஷ் ஏறாது. 24 மணி நேரம் யாரும் உட்கார வேண்டாம்.