மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) சாப்பிட்டால் சுகர் எவ்வளவு ஏறும்? வீட்டிலேயே கணக்கு வைக்கும் முறை

அம்மாவுக்குச் சுகர் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னது, "இனி மரச்சீனியத் தொடாத" என்றுதான். கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு அது லேசான காரியமா? அதனால் ஒரு நோட்டுப் போட்டோம். நீங்களும் இன்றே தொடங்கலாம்.

முதலில் கட்டம் போடுங்கள்: நேரம், சாப்பிட்டது, நடந்தது, சுகர் அளவு. வெறுமனே "சோறு" என்று எழுதாமல் எத்தனை கரண்டி என்றும் எழுதுங்கள். கருப்பட்டிக் காப்பியையும் விட்டுவிடாதீர்கள், கருப்பட்டியும் சுகரை ஏற்றும்.

அடுத்து, சுகர் மீட்டரில் பார்க்க விரலில் குத்துவது. சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் குத்த வேண்டும். ஒருநாள் அம்மா பேரனுக்கு மட்டிப் பழம் உரித்துக் கொடுத்த கையோடு விரலை நீட்டினார். மீட்டர் 290 காட்டியது. பதறிப்போனோம். கழுவிவிட்டுப் பார்த்தால் 134! விரலில் ஒட்டியிருந்த பழம் செய்த வேலை. விரல்நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ரத்தத் துளியைத் தொட்டுப் பார்க்கும் ஸ்ட்ரிப் இருக்கும் டப்பாவை உடனே இறுக்கி மூடுங்கள், மழைக்கால ஈரக்காற்று பட்டால் ஸ்ட்ரிப் கெட்டுவிடும்.

எப்போது பார்ப்பது? காலையில் வெறும் வயிற்றில் ஒரு தடவை. அப்புறம் ஏதாவது ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்னும், சாப்பிட ஆரம்பித்து 2 மணி நேரம் கழித்தும். பெரும்பாலானவர்களுக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்ட பின் 180-க்குள் இருக்க வேண்டும். வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது மாறும். உங்கள் அளவு எது, வாரத்தில் எத்தனை தடவை பார்க்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

இனிதான் முக்கியமான வேலை. ஒரு தடவைக்குச் சாப்பாடு, நடை இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். முதல் ஞாயிறு அம்மா தட்டு நிறைய மரச்சீனியும் சாளை மீன் கறியும் சாப்பிட்டார்: முன்பு 122, பின்பு 251. அடுத்த ஞாயிறு மரச்சீனி நாலே துண்டு, மீனும் பயறுத் துவரனும் (பொரியல்) கூடுதல்: பின்பு 196. மூன்றாம் ஞாயிறு அதே சாப்பாடு, சாப்பிட்டதும் ரப்பர் தோட்டத்து வழியே 20 நிமிட நடை: 163. நடக்கும்போது தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. அந்த மூன்று வரிகளைப் பார்த்தபிறகு, யாரும் சொல்லாமலே அம்மா துண்டுகளை எண்ணி வைக்கத் தொடங்கினார்.

கை நடுங்கி வியர்த்தால் சுகர் இறங்கியிருக்கலாம், உடனே பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழையுங்கள்.

மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனைக்குப் போகும்போது நோட்டையும் கொண்டுபோங்கள். அதை டாக்டர் பார்த்துச் சொல்லாமல் மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.